பொம்மைக்கு ஊசி போடும் குழந்தை

குழந்தைகள் பிரிவில் காலைச் சுற்று வரும்போது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. கையில் மருந்து ஏற்றும் குழாய் பொருத்தப்பட்ட நான்கு வயதுக் குழந்தை, தன் கரடி பொம்மையைப் படுக்க வைத்து, அதன் கையில் விரலால் குத்தி, "அழக்கூடாது, கொஞ்சம்தான் வலிக்கும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும். எங்களைக் கண்டதும் அருகிலிருக்கும் தாயோ பாட்டியோ கூச்சத்துடன், "டாக்டர் வந்துட்டாங்க, விளையாட்டெல்லாம் போதும்" என்று பொம்மையை எடுத்து வைத்துவிடுவார்கள். அருள்கூர்ந்து அதை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இக்கட்டுரை.

ஊசி போடப்பட்டபோது அக்குழந்தையின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கவும் இயலாது. விளையாட்டில் நிலைமை மாறுகிறது. ஊசி இப்போது குழந்தையின் கையில் இருக்கிறது. எப்போது குத்துவது, எப்போது நிறுத்துவது, யார் தேற்றுவது என்பவற்றை அதுவே முடிவு செய்கிறது. தன்னை அச்சுறுத்திய நிகழ்ச்சியைத் தனக்குப் புரியும் அளவுக்குச் சிறியதாக்கிப் பார்க்கும் வழி அது. அச்சத்தைச் சொற்களால் விளக்கத் தெரியாத வயதில், கற்பனையே குழந்தையின் மொழியாக அமைகிறது.

கற்பனை வளரும் விதம்

ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் வெறும் கோப்பையிலிருந்து பால் குடிப்பதுபோல் நடிக்கத் தொடங்குகின்றன. இரண்டு வயதை ஒட்டி, பொம்மைக்குச் சோறு ஊட்டுகின்றன. தீப்பெட்டி பேருந்தாகிறது, குச்சி குதிரையாகிறது. மூன்று, நான்கு வயதில் "நீ டீச்சர், நான் பிள்ளை" என்று பிறரையும் சேர்த்துக்கொண்டு கதை அமைக்கின்றன. ஒரு பொருளை மற்றொன்றாகக் கருத முடிவது சிறு செயலன்று. எழுத்து ஓர் ஒலியைக் குறிக்கும் என்பதையும், எண் ஓர் அளவைக் குறிக்கும் என்பதையும் பின்னாளில் புரிந்துகொள்வதற்கும் இத்திறனே துணைபுரிகிறது.

இதன் மதிப்பை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களான சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை விளையாட்டைப் பற்றியவை. சிற்றில் பருவத்தில், தாங்கள் மணலில் கட்டிய சிறுவீட்டைச் சிதைக்க வேண்டாமென்று சிறுமியர் வேண்டுகின்றனர். பெரியவர்களுக்கு அது வெறும் மணல், கட்டியவர்களுக்கோ வீடு.

பெற்றோர் செய்யக்கூடியவை

விலையுயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. காலி அட்டைப்பெட்டி, பழைய துண்டு, எவர்சில்வர் கிண்ணம், கரண்டி, சொப்புச் சாமான் ஆகியவை போதும். பொத்தானை அழுத்தினால் தானே பாடி ஆடும் பொம்மையைக் குழந்தை வேடிக்கை பார்க்கிறது. அட்டைப்பெட்டியையோ தானே ஏதேனும் ஒன்றாக ஆக்க வேண்டியிருக்கிறது.

விளையாட்டைக் குழந்தையே நடத்தட்டும். யானைக்கு நீல வண்ணம் தீட்டினால், "யானை கறுப்பல்லவா?" என்று திருத்துவதைவிட, "இந்த யானை எங்கே போகிறது?" என்று கேளுங்கள். நாள்தோறும் 15 நிமிடங்கள் கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் அமர்ந்தால் அதுவே பெரிது.

திரையைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. வார்டில் நீண்ட நாள் தங்கும்போது கைபேசி உதவியாக இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் நாள் முழுவதற்கும் அதுவே துணையாகிவிட வேண்டாம்.

மருத்துவமனையில் இருக்கும்போது

"சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்" என்று ஒருபோதும் அச்சுறுத்தாதீர்கள். சிகிச்சை தண்டனையாகிவிட்டால், வலியை எங்களிடம் சொல்லவும் குழந்தை அஞ்சும். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். இரத்தப் பரிசோதனைக்கு முன் பொம்மைக்கு அதைச் செய்து காட்டி, "சிறிது வலிக்கும், விரைவில் முடிந்துவிடும், நான் அருகில் இருப்பேன்" என்று கூறுங்கள். பொம்மையின் கையில் பிளாஸ்திரி ஒட்டவோ, எங்கள் ஸ்டெதாஸ்கோப்பை அதன் நெஞ்சில் வைத்துப் பார்க்கவோ குழந்தை விரும்பினால், தயங்காமல் எங்களிடம் கேளுங்கள்.

சில எச்சரிக்கைகள்: ஊசிகள், சிரிஞ்சுகள், அவற்றின் மூடிகள் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. மூன்று வயதுக்குட்பட்டோரிடம் தொண்டையில் அடைக்கக்கூடிய சிறு பொருள்களைத் தரலாகாது. பட்டன் பேட்டரியை விழுங்கியதாக ஐயம் எழுந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே கடும் புண் ஏற்படலாம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைகளுக்கு மண்ணும் களிமண்ணும் தவிர்த்து, கழுவித் துடைக்கக்கூடிய பொம்மைகளையே கொடுங்கள். அவற்றை மற்றப் படுக்கைகளில் உள்ள குழந்தைகளுடன் பகிர்வதற்கு முன் செவிலியரைக் கேளுங்கள்.

எப்போது எங்களிடம் சொல்ல வேண்டும்?

இரண்டு வயதாகியும் பாவனை விளையாட்டு இல்லாமல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல், வேண்டியதை விரலால் சுட்டாமல் இருந்தால், வளர்ச்சி மதிப்பீட்டுக்கு அழைத்து வாருங்கள். முன்பு செய்தவற்றைக் குழந்தை எந்த வயதில் இழந்தாலும் உடனே தெரிவியுங்கள். வீடு திரும்பிய பிறகும் வாரக்கணக்கில் அதே அச்சம் தரும் காட்சியையே நடித்து, உறக்கத்தில் அலறி எழுந்தால், அதையும் மறைக்காமல் கூறுங்கள்.

காய்ச்சல் தணிந்த வேளையிலும் விளையாட மனமின்றித் துவண்டு கிடக்கும் குழந்தையை நாங்கள் மீண்டும் பரிசோதிக்க விரும்புவோம். அதனால்தான் சுற்று வரும்போது, "நேற்று விளையாடினாளா?" என்று கேட்கிறோம். இனி நாங்கள் வரும்போது பொம்மை படுக்கையிலேயே இருக்கட்டும். குழந்தை அனுமதித்தால், அந்தக் கரடியையும் பரிசோதித்துவிட்டே அடுத்த படுக்கைக்குச் செல்வோம்.