ராஜ்யங்கள் இணைதலும் பிரிதலும்

சுசீந்திரத்தில் 1948ஆம் வருஷத்தில் பிறந்த ஒருவர், பிறந்த வீட்டை விட்டுப் பெயராமலே நான்கு பெயர் கொண்ட ராஜ்யங்களில் வாழ்ந்தவராவார். பிறந்தபோது திருவிதாங்கூர், 1949 ஜூலை 1 முதல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் சென்னை, 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. தாணுமாலயன் கோயிலும் பழையாறும் வயல்களும் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றின் மேலுள்ள அதிகாரம் மட்டுமே மாறிற்று. அங்ஙனம் மாறுங்கால் குடிகளின் கடன், வரி, தண்ணீர், கோயில் ஆகியவற்றின் கதி யாது? கூட்டுறவுச் சங்கங்கள் இணையும்போதும் பிரியும்போதும் இதே கேள்வி எழுவதால், அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

இணைப்பு

தேசம் சுதந்தரம் பெற்றபின் சுதேச சமஸ்தானங்கள் பல ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த புதிய ராஜ்யத்துக்குத் திருவனந்தபுரம் தலைநகராயிற்று. ஹைக்கோர்ட்டு எர்ணாகுளத்தில் அமைந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் தென் தாலூகாக்களில் பெரும்பாலோர் பேசுவது தமிழ். சர்க்கார் காரியங்களோ பெரும்பாலும் மலையாளத்தில் நடைபெற்றன. தனக்கு வந்த நோட்டீஸைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்கவேண்டிய நிலை குடியானவனுக்கு எளிதன்று. ஆகவே இத்தாலூகாக்களைத் தமிழ் ராஜ்யத்துடன் சேர்க்கவேண்டுமென்று, ஏ. நேசமணி முதலிய தலைவர்களின் கீழ்த் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கிளர்ச்சி செய்தது. 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் பலர் உயிரிழந்தனர்.

பிரிவு

அரசியல் சட்டத்தின் 3ஆம் ஷரத்துப்படி ராஜ்யங்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் எல்லையை மாற்றவும் பார்லிமெண்டுக்கே அதிகாரம் உண்டு. சம்பந்தப்பட்ட ராஜ்யச் சட்டசபையின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டும். ஆனால் அதன் சம்மதம் அவசியமன்று. 1953 டிசம்பரில் பசல் அலி தலைமையில் நியமிக்கப்பட்ட ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் 1955 செப்டம்பரில் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. அதன்பின் இயற்றப்பட்ட 1956ஆம் வருஷத்திய சட்டத்தினால் மேற்கூறிய நான்கு தாலூகாக்களும் கன்னியாகுமரி ஜில்லாவாகச் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தன. செங்கோட்டைத் தாலூகாவின் பெரும்பகுதி திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன.

கடனும் வரியும்

எல்லை மாறியதால் எவருடைய கடனும் ரத்தாகவில்லை. பழைய ராஜ்யம் சங்கங்களுக்கும் விவசாயிகளுக்கும் கொடுத்திருந்த கடனை வசூலிக்கும் உரிமை, அவர்கள் வசிக்கும் பகுதி எந்த ராஜ்யத்தைச் சேர்ந்ததோ அந்த ராஜ்யத்துக்கு உரியதென்று அச்சட்டம் விதித்தது. நிலவரிப் பாக்கியும் நிலம் இருக்கும் ராஜ்யத்துக்கே உரியதாயிற்று. பழைய சட்டங்களும் ஒரே நாளில் மறையவில்லை. தகுந்த சட்டசபை மாற்றும் வரையில் அவை அந்தந்தப் பகுதியில் அமுலில் இருந்தன.

கோயிலும் தண்ணீரும்

கோயில்களின் விஷயம் தெளிவாக எழுதி வைக்கப்பட்டது. சேர்ந்துவந்த பிரதேசத்துக் கோயில்களின் பராமரிப்புக்காக ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் ராஜ்யப் பொக்கிஷத்திலிருந்து தேவஸ்வம் நிதிக்குச் செலுத்தவேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 290-ஏ ஷரத்தே கூறுகிறது. பத்மநாபபுரம் அரண்மனை கல்குளத்தில் இருப்பினும் அதனைப் பராமரிப்பது கேரள சர்க்காரே.

தண்ணீரின் கதை இரு வகையாயிற்று. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையும் அதன் வாய்க்கால்களும் நான்கு தாலூகாக்களுக்குள் அடங்கியவை. ஆதலின் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு எல்லையினால் இடையூறு நேரவில்லை. நெய்யாற்றுத் திட்டமோ ஒன்றாயிருந்த ராஜ்யத்தில் வகுக்கப்பட்டது. பிரிவினையால் அணை கேரளத்திலும் இடதுகரைக் கால்வாயின் கடைமடை விளவங்கோட்டிலும் அமைந்தன. அப்பாசனத்துக்கு நீர் விடுவது 2004இல் நின்றது. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. தலைமடை ஒருவரிடமும் கடைமடை மற்றொருவரிடமும் இருந்தால் வெறும் வழக்கம் போதாது. இருவரும் கையெழுத்திட்ட உடன்படிக்கை வேண்டும்.

சங்கங்கள் கவனிக்கவேண்டுவன

சங்கங்கள் இணைவதையும் பிரிவதையும் கூட்டுறவுச் சட்டம் அனுமதிக்கிறது. அத்தகைய தீர்மானம் பொதுச்சபையின் முன் வரும்போது அங்கத்தினர் மூன்று காரியங்களைக் கேட்டறிய வேண்டும்.

1. ஆஸ்தி, பொறுப்பு ஆகியவற்றின் ஜாபிதா முழுமையாகத் தயாராயிருக்கிறதா? ஒவ்வொரு கடனும் எந்தச் சங்கத்தின் கணக்கில் சேரும் என்பது அதில் காணவேண்டும்.

2. சங்கத்துக்குக் கடன் கொடுத்தோருக்கும், டிபாசிட் வைத்தோருக்கும், இசையாத அங்கத்தினருக்கும் அறிவிப்புக் கொடுக்கப்பட்டதா?

3. கிடங்கு, களம், எந்திரம், பாதை முதலிய பொது உபயோகப் பொருள்களை இரு சங்கங்களும் அனுபவிக்கும் முறை எழுத்தில் இருக்கிறதா?

முதல் இரண்டையும் பெரும்பாலோர் கேட்பர். மூன்றாவதையே மறப்பர், இருக்கும் உறவு என்றும் நீடிக்கும் என்று எண்ணுவதே அதற்குக் காரணம். விளவங்கோட்டுக் கடைமடை விவசாயிகளின் அனுபவத்தை நினைத்து, சுமுகமாக இருக்கும் காலத்திலேயே அதனை எழுதி முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.