கொழுந்தைக் கேட்டுக் கட்டியவர்கள்

ஹட்டன் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது ஸ்டோர்தான். தேயிலைத் தொழிற்சாலையை மலையில் அப்படித்தான் சொல்வோம். மேட்டில் நாலு மாடி உயரத்துக்கு நிற்கும், சுற்றிலும் வரிசை வரிசையாக ஜன்னல். அழகுக்கு வைத்த ஜன்னல்கள் இல்லை. பழைய ஸ்டோர்களில் மேல்மாடிகளில்தான் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டினார்கள். ஈரம் மெல்ல மெல்லப் போகவேண்டும், அடுக்கு வெந்துபோகக் கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் காற்று உள்ளே வந்து வந்து போகவேண்டும். அதற்காகவே காற்று வரும் திசை பார்த்துக் கட்டினார்கள். கந்தப்பொலையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் ஸ்டோர் 1990களில் ஹோட்டலானபோது, கொழுந்து வாடிய மாடிகள் படுக்கையறைகளாயின. அந்த ஜன்னல் வழியே மலை பார்க்க இப்போது காசு கொடுத்து வருகிறார்கள்.

அதே தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, மேலே தகரம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்றால் பின்பக்கம் ஜன்னலுக்கு இடமே கிடையாது. கூரை எல்லோருக்கும் ஒன்று என்பதால் ஒரு வீட்டில் பிடித்த தீ வரிசை முழுக்க ஓடும். நான் பிறந்தது அப்படியொரு காம்பராவில். இஸ்தோப்பில்தான் அடுப்பு, அங்கேதான் என் பள்ளிக்கூடப் பாடம், மழைக்காலத்தில் அம்மாவின் நனைந்த படங்கு காய்வதும் அங்கேதான்.

கட்டியவர்களுக்கு விவரம் தெரியவில்லை என்று சொல்ல வழியில்லை. கொழுந்துக்கு என்ன வேண்டும் என்று ராத்தூக்கமில்லாமல் யோசித்தவர்கள் அவர்கள். ஆட்களைப் பற்றி அவர்களிடம் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு எத்தனை பேர்?

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்டி மினெட் டி சில்வா ஞாபகத்துக்கு வருவார். 1918இல் பிறந்தவர்; பம்பாயிலும் லண்டனிலும் கட்டடக்கலை படித்தார். 1948இல் பிரிட்டிஷ் அரச கட்டடக்கலை நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் இலங்கைப் பெண். கண்டியில் ஒரு சரிவான நிலத்தில் கருணாரத்ன குடும்பத்துக்காக அவர் கட்டிய முதல் வீட்டில் நவீனக் கண்ணாடியும் கான்கிரீட்டும் இருந்தன. தும்பறைப் பாய் நெசவும் அரக்கு வேலையும் சேர்ந்தே இருந்தன. அலங்காரத்துக்கு ஒட்டிய கைவினை என்று அதை நினைத்தால் தப்பு. ஊரின் கைகளுக்கு வேலை இல்லாத வீடு ஊருக்கு ஒட்டாது என்பது அவர் கட்சி.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்தது. 1950களில் கண்டி வத்தபுளுவையில் அரசு ஊழியர்களுக்கு ஒரு வீட்டுத் திட்டம் அவர் கைக்கு வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லோரும் குடிவரப் போகிறார்கள். வரைபடம் போடுவதற்கு முன் வினாத்தாள் அனுப்பினார். எப்படிச் சமைப்பீர்கள், எங்கே கும்பிடுவீர்கள், என்ன வருமானம் என்றெல்லாம் விசாரித்தார். நேரில் கூட்டிப் பேசினார். பதில்களைப் பார்த்துத்தான் பல வகை வீடுகள் பிறந்தன. மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்காமல், நின்ற மரங்களைக் கூடியவரை விட்டுவைத்தார்.

கண்டி அப்படியொன்றும் தூரமில்லை. ஹட்டனில் பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விடலாம். அந்த வினாத்தாள் மட்டும் லயத்துக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? குளிருக்கு அடுப்பு, விறகு காய ஒரு பரண், பொம்பளைப் பிள்ளை உடுப்பு மாத்த ஒரு மறைப்பு, பீலித் தண்ணி வாசலுக்குக் கிட்ட. இதற்கு மேல் ஆசைப்பட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது லயத்து ஆட்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் வருகின்றன. இந்திய உதவியில் 4,000 வீடுகள். மேலும் 10,000 என்று 2017இல் நோர்வூட்டில் அறிவித்தார்கள். சொந்தக் காணி என்பது எங்களுக்குச் சின்ன விஷயமல்ல, அதில் குறை சொல்ல மனசு வராது. ஆனாலும் நான் பார்த்த வரிசைகளில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே அச்சு வீடு.

குடிபோன கையோடு பின்னால் ஒரு சாய்ப்பு முளைத்துவிடுகிறது. பழைய லயத்துத் தகரம், நாலு சவுக்குக் கம்பு, உள்ளே விறகடுப்பு. வீட்டு அழகைக் கெடுக்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது யாரும் அனுப்பாத வினாத்தாளுக்குத் தாமதமாக எழுதிய பதிலாகத் தெரிகிறது. போன மாதம் அப்படியொரு சாய்ப்பில் குந்தி, பிளேன்டீ குடித்தேன். அடுப்புக்கு மேல் பரணில் விறகு காய்ந்துகொண்டிருந்தது. டைல்ஸ் போட்ட குசினி பூட்டியிருந்தது.