225-ம் நிலையம் எங்கே?

1875 மார்ச் 23. குவாம் தீவுக்குத் தென்மேற்கே, பசிபிக் கடலில் எடை கட்டிய கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தது ‘சேலஞ்சர்’ என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல். 4,475 பாகம், அதாவது 8,184 மீட்டர் போன பிறகுதான் தரை தட்டியது. கூடவே போன வெப்பமானிகளில் சில அழுத்தம் தாங்காமல் நொறுங்கின. அந்த இடத்துக்கு 225-ம் நிலையம் என்று எண் கொடுத்து, வடக்கு 11° 24′, கிழக்கு 143° 16′ என்று குறித்துவைத்தார்கள்.

மூன்றரை ஆண்டுப் பயணத்தில் இப்படி 362 நிலையங்கள். அடையாளம் சொல்ல ஒரு பாறைகூட இல்லாத நடுக்கடலில், இந்த இரண்டு எண்களும் தொலைந்தால் கடலடியிலிருந்து அள்ளி வந்தது வெறும் சேறுதான்.

நண்பகல் சூரியனின் உயரத்தை செக்ஸ்டன்ட்டில் பார்த்தால் அட்சரேகை கிடைத்துவிடும். தீர்க்கரேகைக்குக் கடிகாரம் வேண்டும். உள்ளூர் நேரத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் 4 நிமிட வித்தியாசம் என்றால் ஒரு டிகிரி. கடிகாரம் 4 வினாடி பிசகினாலே, பூமத்திய ரேகைக்கு அருகில் கப்பல் கிட்டத்தட்ட 1.85 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும், காகிதத்தில்.

இன்று அந்தக் குறிப்பைக் கணினி வரைபடத்தில் ஏற்றுகிறவர்கள் சறுக்கும் இடம் வேறு. 11° 24′ என்பதை அவசரத்தில் 11.24 என்று தட்டிவிடுகிறார்கள். டிகிரிக்கு 60 நிமிடம்; இது கடிகார நிமிடமல்ல, கோண நிமிடம். 24-ஐ 60-ஆல் வகுத்தால் 0.4. ஆகவே 11.4 என்பதே சரி. இந்தச் சின்னப் பிசகில் நிலையம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தெற்கே போய்விடுகிறது. வயலில் எடுத்த மண் மாதிரி ஆற்றுக்குள் விழுந்தால் கண்ணில் படும். கடலில் எங்கே விழுந்தாலும் நீலம்தான்; யாருக்கும் சந்தேகம் வராது. எண்களை இடம் மாற்றிப் போடுவது இன்னும் வேடிக்கை: சென்னையின் 13.08, 80.27 தலைகீழானால் புள்ளி ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டுக்கு வடக்கே போய் நிற்கும்.

இன்னொரு கெட்ட பழக்கம், 11.400000 என்று எழுதுவது. ஆறாவது தசமம் என்பது சுமார் 11 சென்டிமீட்டர். செக்ஸ்டன்ட்காரர்கள் கேட்காத துல்லியத்தை நாம் ஏன் தானம் பண்ண வேண்டும்? எட்டு கிலோமீட்டர் கயிற்றின் அடிமுனை கப்பலுக்கு நேர் கீழேதான் இருந்தது என்பதற்கும் உத்தரவாதம் இல்லையே.

1951-ல் அதே பெயர் கொண்ட இன்னொரு கப்பல், ஒலியால் ஆழம் பார்த்தபடி அந்தப் பக்கம் வந்தது. வடக்கு 11° 19′, கிழக்கு 142° 15′-ல் ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழம் கண்டது. இரண்டு புள்ளிகளையும் வைத்துப் பார்த்தால், பழைய கயிறு இறங்கிய இடத்திலிருந்து மேற்கே சுமார் 110 கிலோமீட்டர்.