வீட்டு ஒயினில் வெள்ளை ஆடை: வைப்பதா, கொட்டுவதா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தீபாவளியும் கிறிஸ்துமஸும் நெருங்கும்போது நம்மில் சிலர் வீட்டில் திராட்சை ஒயின் போடுவதுண்டு. பேராக் மாநிலத்துச் சித்தியவானில் சீனர்கள் சிவப்பு அரிசி ஒயின் தயாரிப்பது பல தலைமுறைப் பழக்கம். ஆசையோடு ஜாடியைத் திறந்தால், மேலே பாலாடை போல வெள்ளைப் படலம்! இதைக் குடிக்கலாமா, கொட்டிவிட வேண்டுமா?

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு விடையில் பாதி தெரியும். தென்னையில் இறக்கிய புதுக்கள் இனிக்கும், மாலையில் கடுக்கும், மறுநாள் புளித்துக் காடியாகிவிடும். முதலில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. பிறகு அசெட்டிக் பாக்டீரியா காற்றின் துணையோடு அந்த ஆல்கஹாலைப் புளிக் காடியாக்குகிறது. ஒயினிலும் இதே கதைதான். ஒயின் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று 1860-களில் விளக்கியவர் பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர்.

படலங்கள் எல்லாம் ஒன்றல்ல. மாவு தூவியது போல மெல்லிய, சுருக்கம் விழுந்த வெள்ளை ஆடை என்றால், அது பெரும்பாலும் காற்றை விரும்பும் ஒருவகை ஈஸ்ட். விஷமில்லை; ஆனால் ஆல்கஹாலைத் தின்று சுவையைக் கெடுக்கும். தொடக்கத்திலேயே கண்டால் படலத்தைக் கலக்காமல், குழாயால் அடியிலிருந்து ஒயினை இழுத்து, சுத்தமான போத்தலில் கழுத்துவரை நிரப்புங்கள். ஒயின் தயாரிப்புக்கான சல்பைட் மாத்திரை கிடைத்தால் சுமார் நாலரை லிட்டருக்கு ஒன்று போதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கவனம்.

காடி வாடையோ, நகப்பூச்சு நீக்கியின் நெடியோ வந்தால் அதை மீண்டும் ஒயினாக்க முடியாது. சர்க்கரை போட்டாலும் புளிப்பு மறையுமே தவிர, போகாது. பச்சை, கறுப்பு நிறத்தில் பஞ்சு போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

வருமுன் காப்பதே நல்லது. ஈப்போவின் வெக்கை இந்தப் பாக்டீரியாவுக்கு மிகவும் பிடிக்கும். அதைச் சுமந்து வருபவை பழ ஈக்கள். பாத்திரங்களை வெந்நீரில் கழுவுங்கள். நொதித்துப் பொங்கும்வரை மூடியை இறுக்காதீர்கள், வாயு அடைபட்டு ஜாடி வெடிக்கலாம். மூடியில் குழாய் பொருத்தி, அதன் மறுமுனையைத் தண்ணீரில் வையுங்கள். வாயு வெளியேறும், காற்று உள்ளே வராது. பொங்கி அடங்கிய பிறகு பாதி ஜாடியாக விட்டுவைக்கக் கூடாது.

முக்கியமான ஒன்று. புளித்த ஒயினை வீணாக்க மனமின்றி, 'வேகம்' ஏற்ற மலிவுச் சாராயமோ ஸ்பிரிட்டோ கலப்பது உயிரோடு விளையாடுவதாகும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மது குடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனாலை நாக்கு கண்டுபிடிக்காது. பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்கி, வாந்தி வந்தால், தூங்கினால் சரியாகும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

புளித்த ஒயினால் நட்டம் சில ரிங்கிட்தான். அதைக் காப்பாற்றப் போய் ஒரு குடும்பத்தின் விளக்கை அணைத்துவிடக் கூடாது.