குளவியா, ஈயா? இறக்கையை எண்ணுங்கள்!

அண்மையில் சங்க வேலையாக ஒரு செம்பனைத் தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். லயத்துப் பின்புறம் ஓர் அக்கா மைலோ டின்னோடு நின்றார்.

"அண்ணே, குப்பைக் குழியில இந்தக் குளவி சுத்துது. பேரப்பிள்ளைங்க விளையாடுற எடம். மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திடவா?" என்றார். முதல் நாள் காட்டில் இதையே கண்டு தயங்கியதற்கு, மண்டோர் "சோம்பேறி" என்று ஏசினாராம்.

டின்னில் செத்துக் கிடந்ததைப் பார்த்தோம். கறுத்த உடம்பு, நீண்ட மீசை. பார்வைக்குச் சாட்சாத் குளவிதான்! ஆனால் குச்சியால் விரித்து எண்ணினால் இறக்கை இரண்டே இரண்டு. குளவிக்கு நான்கு, முன்னும் பின்னும் கொக்கி போட்டதுபோல் சேர்ந்திருக்கும். ஈக்குப் பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல ஒரு குமிழ்தான். கால் நுனி வெள்ளை. வயிற்றின் தொடக்கத்தில் கண்ணாடிச் சன்னல்போல் இரண்டு இடம்.

இது கறுப்புப் படைவீரன் ஈ. கொடுக்கு கிடையாது, கடிக்காது. இதன் புழு குப்பையைத் தின்று உரமாக்கும். கோழிக்கும் நல்ல தீனி. குளவி வேஷம் போட்டுப் பிழைக்கிற அப்பாவி! "கொளுத்த வேண்டாம் அக்கா, குழியை மூடி வையுங்கள்" என்றோம்.

அதற்காக எல்லாமே ஈ என்று இருந்துவிடக் கூடாது. வயிற்றில் அகன்ற மஞ்சள் பட்டை போட்ட குளவி, மலாய்க்காரர் சொல்லும் தெபுவான், உயிருக்கே ஆபத்து. ஒன்றே பலமுறை கொட்டும். மட்டையிலோ புதரிலோ காகிதப் பந்துபோல் கூடு தெரிந்தால், கல்லெறியாமல் சத்தமின்றி விலகுங்கள். உயிரோடு பறப்பதன் இறக்கையை எண்ணப் போகாதீர்கள்! கொட்டுப்பட்டவருக்கு மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

மண்டோர்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அக்கா கண்டது ஈ. நாளை இன்னொருவர் காண்பது தெபுவானாக இருக்கலாம். இன்று ஏசினால் நாளை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, நிர்வாகம் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகலாம். வேலையில் கொட்டுப்பட்டால் சொக்சோவுக்கும் மனுச் செய்யுங்கள்; மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கண்டதைப் பெரட்டிலேயே சொல்லுங்கள், தோழர்களே. ஈயாக இருந்தால் சிரித்துவிட்டு வேலைக்குப் போகலாம். தெபுவானாக இருந்தால் ஓர் உயிர் தப்பும்.