பழவேற்காட்டு ஏரிக்கரை வகுப்பறையும் ஆசிரியரின் தொழில்நுட்பத் தேர்ச்சியும்

திறவுச்சொற்கள்: எளாவூர், பழவேற்காட்டு ஏரி, பாடப்பொருள் அறிவு, கற்பித்தல் அறிவு, செயற்கைக்கோள் படம், பணியிடைப் பயிற்சி

முன்னுரை

எளாவூர், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் சென்னை – கூடூர் இருப்புப்பாதையில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர். இதன் கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் மீனவர் குப்பங்களும் உள்ளன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலன்கள் எழுவதை இப்பகுதிப் பிள்ளைகள் ஊரில் நின்றே காண்கின்றனர். அக்கலன்கள் சுமந்து செல்லும் செயற்கைக்கோள்களின் படங்களில் தங்கள் ஏரி எவ்வாறு தோன்றுகிறது என்பதை அப்பிள்ளைகள் வகுப்பறையில் காண்பார்களா என்பது கருவியைக் காட்டிலும் ஆசிரியரையே சார்ந்தது. தொழில்நுட்பத்தைப் பயனுற ஆளக் கற்கும் ஆசிரியர் உண்மையில் எதைக் கற்கிறார் என்பதை இக்கட்டுரை இப்பகுதியை முன்வைத்து விளக்குகிறது.

கருவிகள் வந்த வரலாறு

தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. உயர்தொழில்நுட்ப ஆய்வகம், திறன்மிகு வகுப்பறை, ஆசிரியருக்கான கையடக்கக் கணினி என அடுத்தடுத்துக் கருவிகள் வந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது திரையே வகுப்பறையாயிற்று. ஆயினும், அவ்விடைவெளியில் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலர்களைப் பிள்ளைகளின் குடியிருப்புக்கே அனுப்பியது. திரை எட்டாத இடத்தை நிரப்ப ஆள் தேவைப்பட்டார் என்பது இங்குக் கருதத்தக்கது.

இதே கருவி வருகைப் பதிவுக்கும் எமிஸ் தரவுப் பதிவுக்கும் பயன்படுவதால் கற்பித்தல் நேரம் குறைகிறது என்பது ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து சுட்டிவரும் குறை. பதிவேற்றுவதில் கைதேர்ந்த ஆசிரியர் கற்பிப்பதிலும் கருவியை ஆளத் தேர்ந்தவர் எனக் கொள்வது பிழை.

காளிக்குப்பம் காட்டியதும் காட்டாததும்

ஆசிரியர் இன்றியே பிள்ளைகள் கணினியால் கற்பர் என்போர் சுகதா மித்ராவின் ஆய்வுகளை மேற்கோள் காட்டுவர். 1999இல் தில்லியில் சுவரில் கணினியைப் பதித்துத் தொடங்கிய அவர், பின்னர் ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட தென்னிந்தியச் சிற்றூரான காளிக்குப்பத்தில் தமிழ் பேசும் பிள்ளைகளிடம் மூலக்கூற்று உயிரியல் பாடத்தை ஆங்கிலத்தில் கணினிவழி அளித்தார். 2010இல் ரிது தங்வாலுடன் இணைந்து வெளியிட்ட கட்டுரையின்படி, தாமே கற்ற பிள்ளைகள் அருகிலிருந்த அரசுப் பள்ளி மாணவரின் நிலையை எட்டினர். கட்டுரையின் இப்பகுதியே பெரிதும் பேசப்படுகிறது. அப்பாடத்தை அறியாத, ஆனால் அருகில் இருந்து ஊக்கிய ஒருவர் துணைநின்ற பிறகே அவர்கள் தில்லித் தனியார் பள்ளி மாணவருக்கு இணையாயினர் என்னும் மற்றொரு முடிவு போதிய கவனம் பெறவில்லை. பாடம் அறியாத ஒருவரின் அண்மையே அவ்வளவு செய்யுமாயின், பாடமும் பிள்ளைகளின் ஊரும் அறிந்த ஆசிரியர் என்ன செய்யக்கூடும் என்ற வினாவுக்கு அவ்வாய்வில் இடமில்லை.

ஆசிரியர் அறிவின் கூறுகள்

பாடப்பொருள் அறிவும் கற்பிக்கும் அறிவும் தனித்தனியே நிற்பன அல்ல, குறிப்பிட்ட பொருளைக் கற்பிக்கத்தக்கதாக மாற்றும் அறிவே ஆசிரியருக்கு உரியது என்று 1986இல் லீ ஷுல்மன் எடுத்துரைத்தார். புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் இதனோடு தொழில்நுட்ப அறிவைச் சேர்த்து, மூன்றும் ஒன்றையொன்று ஊடுருவும் இடத்தை ஆராய்ந்தனர். 2019இல் மிஸ்ரா அவ்வரைபடத்தைத் திருத்தி, அவற்றைச் சூழ்ந்த வட்டத்திற்குச் சூழல் அறிவு எனப் பெயரிட்டார். ஏரிக்கரைப் பள்ளிக்கு இத்திருத்தமே முதன்மையானது.

ஒரு பாடம்

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் கடலலைகள் உருவாக்கும் நிலத்தோற்றங்கள் பாடமாக உள்ளன. மணல் திட்டு, காயல் ஆகியவற்றை விளக்கும் காணொலியை முழுதும் ஓடவிட்டு, முடிந்ததும் வினாவுக்கு விடை எழுதச் சொல்வது எளிய வழி. வகுப்பு அமைதியாக இருக்கும். பார்வையிட வருபவருக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் ஏரியின் முகத்துவாரம் தூர்ந்தால் வலையில் என்ன குறையும் என்பதை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை, வேறெங்கோ உள்ள காயலின் படத்தின் முன் ஏதும் அறியாதவராக அமர்ந்திருப்பார். அவரிடம் இருக்கும் அறிவு பாடத்தின் அறிவு என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

அதே பாடத்தை மற்றொரு விதமாகவும் நடத்தலாம். முதலில் திரை இல்லை. முகத்துவாரம் எங்கே, மணல் எப்பக்கம் ஏறுகிறது, ஆரணியாறு எங்கே கலக்கிறது என்பவற்றைப் பிள்ளைகள் தாளில் வரைகின்றனர். படகில் சென்றவருக்கும் கரையிலேயே இருப்பவருக்கும் வரைபடம் வேறுபடும். அதன்பின் கூகுள் எர்த்திலிருந்து வெவ்வேறு ஆண்டுகளுக்குரிய மூன்று படங்கள் திரையில் வருகின்றன. எது கோடையில் எடுத்தது, எது வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எடுத்தது என்று வினவினால், மழைவெள்ளம் வாயைத் திறப்பதும் கோடையில் மணல் அடைப்பதும் பிள்ளைகளின் வாயிலிருந்தே வெளிப்படும். பாட்டனார் சொன்னதும் படம் காட்டுவதும் முரண்படுமிடத்தில்தான் பாடம் கூர்மை பெறுகிறது: படம் ஒரு நாளின் கணத்தைப் பதிந்தது, பாட்டனாரின் சொல் பல ஆண்டுகளைத் திரட்டியது. எதற்கு எது சான்றாகும் என்பது புவியியலின் அடிப்படை வினா.

இப்பாடத்திற்கு வேண்டிய கருவித்திறன் மிகச் சிறிது. காலப்பட்டையை நகர்த்தத் தெரிய வேண்டும். இணையம் நின்றாலும் வகுப்பு நிற்காதபடி படங்களை முன்னரே சேமிக்கத் தெரிய வேண்டும். கடினமானது, எப்போது திரையை இயக்காமல் இருப்பது என்னும் தீர்ப்பு.

பயிற்சியின் திசை

செயலிகளை இயக்கக் காட்டும் ஒருநாள் பயிற்சி இத்தீர்ப்பைத் தருவதில்லை. குறுவள மையக் கூட்டத்திற்கு ஒவ்வோர் ஆசிரியரும் தாம் நடத்திய ஒரு பாடத்தைக் கொண்டுவந்து, அதிலிருந்து கருவியை நீக்கினால் எது இழக்கப்படும் என்று உடன் ஆசிரியரோடு ஆராயலாம். ஜப்பானியப் பள்ளிகளில் வழங்கும் பாட ஆய்வு முறையும் இவ்வாறு ஒரு பாடத்தைப் பலர் கூடித் திட்டமிட்டு, பார்த்து, திருத்துவதே. எதுவும் இழக்கப்படாத பாடங்களே மிகுதி என்று தெரியவந்தாலும் அது பயனுள்ள செய்திதான்.

எல்லைப்புறப் பள்ளிகளுக்கு இதில் தனித்தேவை ஒன்று உண்டு. இப்பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசித் தமிழில் படிக்கும் பிள்ளைகள் உள்ளனர். மீன், வலை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றுக்குக் குப்பத்துப் பெரியோர் வழங்கும் இருமொழிப் பெயர்களைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, வகுப்பில் மீண்டும் கேட்டு, எழுதி, பாடநூல் சொல்லோடு ஒப்பிட இணையம்கூட வேண்டியதில்லை. எல்லா ஆசிரியரிடமும் ஏற்கெனவே உள்ள அந்த ஒலிப்பதிவுப் பொத்தான் பயிற்சிக் கையேடுகளில் இடம்பெறத்தக்கது.