கூடைக்குள் வளையும் உடல்

தெரு வித்தைகளிலேயே பார்ப்பவரைப் பதறவைப்பது கூடை வித்தை. வாய் குறுகி வயிறு அகன்ற பிரம்புக் கூடைக்குள் ஒரு சிறுவன் இறங்கி நிற்பான். வித்தைக்காரர் அவன்மேல் துணியைப் போர்த்துவார். துணி மெல்லத் தாழும், பையன் மறைந்துவிடுவான். உள்ளே ஆள் இல்லை என்று காட்ட அவரே கூடைக்குள் குதித்து உட்கார்ந்து எழுவார். பிறகு நாலாபுறமும் வாளைச் செருகுவார். உள்ளிருந்து அலறல் கேட்கும். சற்று நேரத்தில் பையன் ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வருவான். இதில் கள்ள அறையோ கண்ணாடியோ கிடையாது. பையன் கூடையின் வயிற்றை ஒட்டி வளைந்து படுத்து, நடுவிடத்தைக் காலியாக விட்டுவிடுகிறான். வித்தைக்காரர் குதிப்பது அந்த இடத்தில்தான். வாள் எந்த வரிசையில், எந்தச் சாய்வில் வரும் என்பது அவனுக்கு அத்துப்படி. ஒவ்வொரு செருகலுக்கும் முழங்காலை இழுத்து, இடுப்பைத் திருப்பி வழிவிடுகிறான். மேடையில் கருவி உடலை மறைக்கிறது; தெருவில் உடலே கருவி. அந்தக் கருவியைக் கடையில் வாங்க முடியாது, ஒரு குடியிருப்புக்குள் வளர்த்துத்தான் எடுக்க வேண்டும். அதனால், வித்தைக்காரர்களின் குடியிருப்பு அழிந்தால் வீடுகளோடு வித்தையும் போகிறது என்கிறேன்.

வாள் விழுங்குவதில் ஏமாற்றே இல்லை. கழுத்தைப் பின்னால் சாய்த்து வாயையும் உணவுக்குழாயையும் நேர்கோடாக்கி, குமட்டலை அடக்கி, உண்மையான இரும்பை உள்ளே இறக்குகிறார்கள். 1868இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் ஒருவரின் உணவுக்குழாய் வழியாக நேரான குழாயைச் செலுத்திப் பார்க்க முடிந்தது, எதிரே இருந்தவர் ஒரு வாள் விழுங்கி என்பதால்தான். இன்றைய எண்டோஸ்கோப்பியின் தொடக்கத்தில் ஒரு வித்தைக்காரரின் தொண்டை இருக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தியாவிலிருந்து போன ராமோ சாமி லண்டன்வாசிகளுக்கு வாள் விழுங்கிக் காட்டினார். இந்திய வித்தைக்காரர்களைப் பற்றிக் கட்டுரை எழுதிய வில்லியம் ஹாஸ்லிட், அவர்கள் பந்து வீசும் நேர்த்தியில் மனம் பறிகொடுத்தவர்; வாள் விழுங்குவதை மட்டும் போலீஸ் தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்றார். வியப்பும் போலீஸும் அன்றிலிருந்தே இந்தக் கலையோடு சேர்ந்து வருகின்றன.

மேற்கு தில்லியில் ஷாதிபூர் பேருந்துப் பணிமனைக்கு அருகே கத்புத்லி காலனி இருந்தது. ராஜஸ்தானிலிருந்து வந்த பொம்மலாட்டக்காரர்கள் குடிசை போட்ட இடம். பிறகு வித்தைக்காரர்கள், கழைக்கூத்தாடிகள், பாம்பாட்டிகள், மேளக்காரர்கள் என்று பலரும் வந்து சேர்ந்தார்கள். 1995இல் குதுப் மினார் அருகே திறந்தவெளியில் கயிற்றை எழும்பவைத்து, அதில் ஒரு பையனை ஏறவும் வைத்த இஷாமுதீன் கான் இந்தக் காலனிக்காரர். இதுபோன்ற இடத்தில் பாடம் தனியாக நடப்பதில்லை. வித்தைக்காரருக்குத் துணையாக வரும் பையனை ஜமூரா என்று கூப்பிடுவார்கள். துணிக்கடியில் கிடந்தபடியே கேள்விக்குப் பதில் சொல்வது, கூட்டம் சலிக்கும்போது அழுவது, காசு விழும் நேரத்தில் அடங்குவது எல்லாம் அவன் அண்ணனைப் பார்த்துக் கற்றவை. அவன் வளர்ந்து கூடைக்குள் அடங்காதபோது அடுத்த வீட்டுப் பையன் தயாராக இருப்பான். 2009இல் தில்லி வளர்ச்சி ஆணையம் இந்த நிலத்தில் அடுக்குமாடி கட்டத் தனியார் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்தது. குடும்பங்களில் பல ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்குப் போயின. போக மறுத்தவர்களும் இருந்தார்கள். 2017 அக்டோபர் இறுதியில் புல்டோசர்கள் வந்தன.

சாக்கடை ஓரத்தில் மனிதர்கள் வாழ்வதைக் கலையின் பெயரால் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் அவர்களுக்கு எல்லோரையும் போல உரியவை. ஆனால் காலனிக்காரர்களில் பலர் வீட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆளுயரப் பொம்மைகளையும் நீண்ட மூங்கில்களையும் மாடிப்படியில் எப்படி ஏற்றுவது, எங்கே பழகுவது என்றுதான் கேட்டார்கள். தொழிலை மறந்து வரைந்த வரைபடத்துக்கு அந்தக் கேள்வி தடையாகத் தோன்றியது. இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது: குழந்தையின் உடலை வளைத்துப் பிழைப்பதா? பள்ளி நேரத்தில் பையனைத் தெருவில் நிறுத்துவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், படிப்பு கெடாத வரை குழந்தைகள் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் நடிக்க வழிவிட்டிருக்கிறது. அதே நிபந்தனைகளை வகுத்து, ஜமூராவையும் கலைஞனாகப் பார்க்கலாமே. ரகசியமெல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே என்போரும் உண்டு. கூடை வித்தையின் ரகசியம் இந்தக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாரும் வாளுக்கு நடுவே படுத்துவிட முடியாது. வாள் விழுங்குபவர்களை ஆராய்ந்து 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, கவனம் சிதறும்போது காயம் அதிகம் என்கிறது. அறிந்தது போதாது, பதறாத உடலும் வேண்டும்.

அந்த உடலைப் பதறவைத்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம் பின்னர் தில்லிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பொது இடத்தில் பாடுவது, ஆடுவது, வித்தை காட்டுவது போன்ற சாக்கில் காசு பெறுவதையும் அது பிச்சை என்றே எண்ணியது. நாலாபுறமும் கூட்டம் சூழ நிற்க, எந்தத் திரையும் இல்லாமல் ஏமாற்றிக் காட்டும் ஒருவரை, கையேந்துபவரோடு ஒரே பிரிவில் அடைத்த சட்டம் அது. 2018 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் அதன் பல பிரிவுகளை ரத்து செய்தது. தீர்ப்பு வந்தபோது காலனி இல்லை. இனிச் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. இந்தக் குடும்பங்களை எங்கே குடிவைத்தாலும் பக்கத்துப் பக்கத்து வீடுகளாகக் கொடுக்க வேண்டும். கீழே பழகுவதற்குத் திறந்த முற்றமும், மூங்கிலும் கூடையும் வைக்க ஒரு கொட்டகையும் வேண்டும். பூங்காவிலும் மெட்ரோ நிலைய வாசலிலும் வித்தை காட்ட நகராட்சி உரிமம் வழங்க வேண்டும். கூடைக்குள் வளையத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.